கோயில் தெரு, பள்ளிவாசல் தெரு: சிங்கப்பூரின் சமயச் சுதந்திரம்

வாட்டர்லூ தெருவில் கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. விடுமுறை நாள் காலையில் அங்கே போய் நின்றால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். குவான் இம் அம்மனைக் கும்பிட்டு வெளியே வரும் சீன மூதாட்டி நேராக வீட்டுக்குப் போவதில்லை. கிருஷ்ணன் கோயில் வாசலுக்கு வருகிறார். அங்கே பெரிய ஊதுவத்திச் சட்டி ஒன்று இருக்கிறது. பற்றவைத்த வத்திகளை இரு கைகளாலும் நெற்றிக்கு நேரே உயர்த்தி, தலை தாழ்த்தி, சட்டியின் சாம்பலில் செருகுகிறார். உள்ளே மணியடிக்கிறது, அர்ச்சகர் தீபாராதனை காட்டுகிறார். அந்த அம்மாளை யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. கிருஷ்ணன் கோயில் 1870இல் தோன்றியது, குவான் இம் கோயில் 1884இல். அதே தெருவில் சற்றுத் தள்ளி 1878இல் எழுந்த யூத ஜெபாலயமும் இருக்கிறது.

இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் சிங்கப்பூரைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். மக்கள் நல்லவர்கள், அதனால் ஒற்றுமை என்பார்கள் சிலர். சட்டம் கடுமை, அதனால் அமைதி என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. பல சமயத்தார் நெருக்கியடித்து வாழும் ஒரு நாட்டில் வழிபாட்டுச் சுதந்திரம் எப்படி உருவாகிறது, அதைக் காக்க என்ன விலை கொடுக்கிறார்கள், அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு மீதிப் பாதியில்தான் விடை தேட வேண்டும்.

முதலில் கணக்கு. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் பௌத்தர்கள் 31.1 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 18.9, முஸ்லிம்கள் 15.6, தாவோ சமயத்தார் 8.8, இந்துக்கள் 5.0. எந்தச் சமயமும் இல்லை என்றவர்கள் 20.0 விழுக்காடு. பாதியைத் தொடும் சமயம் ஒன்றுகூட இல்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2014இல் வெளியிட்ட சமயப் பன்மைக் குறியீட்டில், உலக நாடுகளிலேயே முதலிடம் சிங்கப்பூருக்குத்தான். யாருமே பெரும்பான்மை இல்லை என்பது அந்த நாட்டுக்குப் பெரிய காவல். ஒரு சமயத்தை அரசு சமயமாக்க வேண்டும் என்று கேட்கும் பலம் அங்கே எவருக்கும் இல்லை.

அடுத்தவர் சாமியோடு பக்கத்தில் வாழும் பழக்கம் அரசு கட்டளையிட்டு வந்ததன்று. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் நடந்தால் பகோடா தெரு, கோயில் தெரு, பள்ளிவாசல் தெரு என்று மூன்று பெயர்ப்பலகைகள் அடுத்தடுத்து வரும். பகோடா என்று ஆங்கிலேயர் சொன்னது மாரியம்மன் கோயில் கோபுரத்தை. 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, 1827இல் மரமும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாக எழுப்பிய கோயில் அது. அதற்கு ஓர் ஆண்டு முன்பே, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் அதே சாலையில் ஜாமிஆ பள்ளிவாசலை நிறுவிவிட்டார்கள். இந்தப் பக்கம் பாங்கு, அந்தப் பக்கம் கோயில் மணி, சுற்றிலும் சீனக் கடைகள். கொஞ்சம் தள்ளி தெலுக் ஆயர் தெருவில் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய நாகூர் தர்காவும், அவர்கள் குச்சுப் பள்ளி என்றழைத்த சிறு பள்ளிவாசலும், ஹொக்கியன் சீனர்களின் தியான் ஹொக் கெங் கோயிலும் ஒரே வரிசையில் இருக்கின்றன. அன்று அது கடற்கரை. கப்பலிலிருந்து இறங்கியவர்கள், உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்ல முதலில் கால் பட்ட இடத்திலேயே தங்கள் தெய்வத்துக்கு இடம் தேடினார்கள். பக்கத்துச் சாமி யாருடையது என்று சண்டை போட அவர்களுக்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை. தமிழர்களுக்கு இந்தக் கதையில் பங்கு உண்டு என்பதைப் பெருமையாகவே சொல்கிறேன். கோயிலைக் கட்டியவர்களும் தமிழர்கள், பள்ளிவாசலைக் கட்டியவர்களிலும் தமிழர்கள் உண்டு.

ஆனாலும் அந்த அமைதி இரண்டு முறை இரத்தத்தில் நனைந்தது. 1950 டிசம்பரில் மரியா ஹெர்டோக் என்ற டச்சுச் சிறுமியின் வழக்கு. போர்க்காலத்தில் ஒரு மலாய் முஸ்லிம் தாயிடம் வளர்ந்த பெண் அவள். நீதிமன்றம் அவளைப் பெற்றோரிடம் ஒப்படைக்கச் சொன்னது. கன்னிமாடத்தில் மாதா சிலைக்கு முன்னால் அவள் நிற்கும் படங்கள் நாளேடுகளில் வர, கலவரம் வெடித்தது. 18 பேர் இறந்தார்கள். அடுத்தது 1964 ஜூலை 21. நபிகள் பிறந்தநாள் ஊர்வலம் கேலாங் நோக்கிப் போகும்போது மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே மூண்ட சண்டையில் 23 பேர் மாண்டார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் 13 உயிர்கள் போயின. சிங்கப்பூர் அப்போது மலேசியாவின் ஒரு மாநிலம். இரு கட்சிகளின் அரசியல் பகைதான் உண்மையில் அந்தத் தீக்கு எண்ணெய் ஊற்றியது. இன்றும் பள்ளிக்கூடங்கள் ஜூலை 21ஐ இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடுகின்றன. சிங்கப்பூரின் சமயச் சட்டங்கள் எதை எடுத்துப் பார்த்தாலும் இந்த இரண்டு கலவரங்களின் நினைவு அதற்குள் இருக்கும்.

1965இல் தனி நாடானதும் அரசியல் சட்டத்தில் ஒரு நல்ல முடிவு எடுத்தார்கள். மலேசியச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைத் தடுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. சிங்கப்பூர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அதன் 15ஆவது பிரிவு, எவரும் தம் சமயத்தை ஏற்கலாம், பின்பற்றலாம், பரப்பலாம் என்கிறது. பிற சமயத்துக்கென்று வரி கட்டச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஒவ்வொரு சமயத்தாரும் தங்கள் காரியங்களைத் தாங்களே நிர்வகிக்கலாம். பொது ஒழுங்கு, பொது சுகாதாரம், ஒழுக்கம் ஆகியவற்றுக்கான சட்டங்களை மட்டும் மீறக் கூடாது. இந்தக் கடைசி வரிக்குள் எத்தனை அடங்கும் என்பது பின்னால்தான் தெரிந்தது.

சட்டப் புத்தகத்தைவிட நிலப் பத்திரம்தான் அங்கே வழிபாட்டைத் தீர்மானிக்கிறது. 1966இல் வந்த நிலம் கையகப்படுத்தும் சட்டம், கம்பங்கள் எனப்படும் கிராமக் குடியிருப்புகளைக் காலிசெய்து அடுக்குமாடி வீடுகளைக் கட்ட அரசுக்கு வழிவிட்டது. கம்பத்தோடு அதன் சாமியும் போக வேண்டியிருந்தது. மரத்தடி முனீஸ்வரர், தகரக் கொட்டகைச் சீனத் தெய்வம், சுராவ் என்ற சிறு தொழுகைக் கூடம் என்று நூற்றுக்கணக்கில் இடம் பெயர்ந்தன. ஆர்ச்சர்ட் ரோட்டில் இருந்த சிவன் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையத்துக்காக 1983இல் அது இடிபட்டது. மூலவர் சிராங்கூன் சாலைக்குப் போனார், பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் தற்காலிகமாகத் தங்கினார். 1993இல்தான் கேலாங் ஈஸ்ட்டில் புதுக் கோயிலில் குடமுழுக்கு நடந்தது. அதுவரை பத்து ஆண்டுகள் சிவன் வாடகைக் குடியிருப்பில் இருந்தார் என்றே சொல்ல வேண்டும்.

புதுக் குடியிருப்புப் பேட்டைகளில் சமயத்துக்கென்று அளந்து ஒதுக்கிய மனைகள் பலவும் ஏலப்புள்ளிக்கு வருகின்றன, அதுவும் 30 ஆண்டுக் குத்தகைக்கு. சிறு கோயிலால் தனியே அந்த விலை கொடுக்க முடியாது. அதனால் இடம் இழந்த சீனக் கோயில்கள் நாலைந்து சேர்ந்து பணம் போட்டு, ஒரே கூரையின் கீழ் தனித்தனிச் சன்னிதிகளோடு கூட்டுக் கோயில்களைக் கட்டின. முஸ்லிம்கள் வேறு வழி கண்டார்கள். 1968இல் அமைந்த முயிஸ் என்ற இஸ்லாமிய சமய மன்றம், 1975இல் பள்ளிவாசல் கட்டட நிதியைத் தொடங்கியது. முஸ்லிம் தொழிலாளர் ஒவ்வொருவரின் மத்திய சேம நிதிக் கணக்கிலிருந்தும் மாதம் 50 காசு பிடித்தார்கள். அந்தக் காசில் எழுந்த முதல் பள்ளிவாசல், 1977இல் தோ பாயோவில் திறந்த முஹாஜிரீன். ஏழை எளியவர்கள் காசு காசாகச் சேர்த்து எழுப்பிய அந்தக் கட்டடத்தை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அதே நேரத்தில், 30 ஆண்டு முடிந்ததும் சாமி எங்கே போவது என்ற கவலையோடு ஒரு கோயில் நிர்வாகக் குழு கூடுவதும் அங்கே நடக்கிறது. எல்லாச் சமயத்துக்கும் ஒரே அளவுகோல் என்பது நியாயம்தான். அளவுகோல் முழுக்க ஒரே கையில் இருப்பதும் உண்மைதான்.

இந்த நெருக்கடியிலும் மக்கள் தங்கள் வழியைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். லோயாங் கடற்கரையில் யாரோ விட்டுப்போன சாமி சிலைகளை 1980களில் சில நண்பர்கள் எடுத்து ஒரு குடிசையில் வைத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். இன்று அது லோயாங் துவா பெக் கோங் என்ற பெரிய கோயில். தாவோ, பௌத்தத் தெய்வங்களோடு பிள்ளையார் இருக்கிறார். மலாய் முன்னோர் ஒருவருக்கான தாத்தோ சன்னிதியும் இருக்கிறது, அங்கே பன்றி இறைச்சி படைப்பதில்லை. சாமியை வீசி எறிந்தவர் யார், எடுத்து வைத்தவர் எந்தச் சமயம் என்று யாரும் விசாரிக்கவில்லை.

ஒலி, ஊர்வலம் ஆகியவற்றுக்கு வருவோம். அடுக்குமாடிகள் நெருங்கிய பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஒரு தகராறாகும் என்று அஞ்சினார்கள். 1974இல் ஒலிபெருக்கிகளை உள்நோக்கித் திருப்பி, பாங்கை வானொலியில் மலாய் ஒலிபரப்பின் வழியாகத் தினமும் ஐந்து வேளை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். சமயத்தாரோடு பேசிச் செய்த ஏற்பாடு என்பதால் அது நிலைத்தது. தைப்பூசத்தின் கதை அத்தனை சுமுகமாக இல்லை. 1968இல் பொது விடுமுறைகளைக் குறைத்தபோது ஒவ்வொரு சமயமும் எதையாவது விட்டுக்கொடுத்தது. முஸ்லிம்கள் நபிகள் பிறந்தநாளை விட்டார்கள், கிறிஸ்தவர்கள் ஈஸ்டர் திங்களை விட்டார்கள். இந்துக்கள் தீபாவளியை வைத்துக்கொண்டு தைப்பூசத்தை விட்டார்கள். சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை பால்குடமும் காவடியும் எடுப்பவர்கள் இன்றும் அன்று விடுப்பு எடுத்தே போகிறார்கள். 1973இலிருந்து வழியில் மேளதாளம் கூடாது என்ற தடையும் வந்தது. அலகு குத்தியவனுக்கு உறுமியும் தவிலும் வெறும் இசையாகாது. வலியை மறந்து அவன் நடப்பதே அந்தத் தாளத்தில்தான். இது காவடி எடுத்தவருக்குத் தெரியும், அனுமதிச்சீட்டு எழுதுகிறவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. தடையை எதிர்த்துச் சிலர் உயர் நீதிமன்றம் போனார்கள். 2015இல் வழக்கு தள்ளுபடியானது. ஆனால் மறு ஆண்டே, பேச்சுவார்த்தையின் பலனாக, பாதையில் மூன்று இடங்களில் இசைக்கலைஞர்கள் வாசிக்க அனுமதி கிடைத்தது.

இதில் அரசின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1964 கலவரத்துக்குப் பிறகு சமய நடை ஊர்வலங்கள் பொதுவாகவே தடையாயின. தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி மூன்றுக்கும் இந்துக்களுக்குத்தான் விலக்குக் கிடைத்தது. அப்படியிருந்தும் மேளம் கேட்டது பேராசையாகாது. கிடைத்த விலக்கு சலுகையா, உரிமையா என்பதுதான் அங்கே உறுத்திய கேள்வி.

இனி பேச்சு. 1986 ஜூலையில் மாரியம்மன் கோயில் வாசலிலேயே ஒரு கிறிஸ்தவக் கருத்தரங்கின் சுவரொட்டிகளை ஒட்டியிருந்தார்கள். சிராங்கூன் சாலைக் கோயில்களுக்குள் நுழைகிற பக்தர்கள் கையில் துண்டுப் பிரசுரங்களைத் திணித்தார்கள். அரசு பின்னர் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் இத்தகைய உரசல்களைத் தொகுத்துக் காட்டியது. 1987இல் இன்னொன்றும் நடந்திருந்தது. கத்தோலிக்கத் திருச்சபைப் பணியாளர்கள் உள்ளிட்ட 22 பேரை மார்க்சியச் சதி என்று சொல்லி உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பிடித்து வைத்தார்கள். எந்த நீதிமன்றத்திலும் அந்தச் சதி விசாரணைக்கு வரவில்லை. தொழிலாளர் நலனுக்காகப் பேசுவதையும் சமயத் தொண்டாக நினைத்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். இந்த இரு அனுபவங்களின் பின்னணியில்தான் 1990இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் வந்தது. பகை மூட்டும் போதகரையும், சமய மேடையில் அரசியல் செய்பவரையும் வாயடைக்க அமைச்சருக்குக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கும் அதிகாரம். 2019இல் அதைத் திருத்தி, வெளிநாட்டு நன்கொடைக்கும் வெளிநாட்டுத் தலைமைக்கும் வரம்பு கட்டினார்கள்.

சட்டம் நிறைவேறி முப்பது ஆண்டுக்குள் ஒரு கட்டுப்பாட்டு ஆணைகூடப் பிறக்கவில்லை. சட்டத்தின் வெற்றி என்று அதைச் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பயத்தால் பேசாமல் போனவற்றில் நச்சுப் பேச்சு எத்தனை, நியாயமான பேச்சு எத்தனை என்று எந்தக் கணக்கெடுப்பிலும் தெரியாது. ஆனால் கோயில் வாசலில் சுவரொட்டி ஒட்டும் வேலை நின்றது என்பதை மறுக்க மாட்டேன். அடுத்தவர் வாசலில் போய் அவர் சாமி பொய் என்று சொல்வதைச் சுதந்திரம் என்று என்னால் ஏற்க முடியாது.

2017இல் நடந்ததைப் பாருங்கள். ஜாமிஆ பள்ளிவாசலில் பணியாற்றிய, இந்தியாவிலிருந்து வந்த இமாம் ஒருவர், வெள்ளிக்கிழமைத் தொழுகையில் யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் எதிராக இறைவனின் உதவி கேட்கும் வரி ஒன்றைச் சொன்னார். அது குர்ஆன் வசனம் அன்று, தன் ஊர்ப் பழைய நூலில் உள்ளது என்றார். காணொளி பரவியது. அவர் கிறிஸ்தவ, சீக்கிய, பௌத்த, தாவோ, இந்துத் தலைவர்கள் முன் மன்னிப்புக் கேட்டார். யூத ஜெபாலயத்துக்கே போய் அங்கே யூத மதகுருவான ரப்பியிடமும் மன்னிப்புக் கேட்டார். பிறகு நீதிமன்றம் 4,000 வெள்ளி அபராதம் விதித்தது, நாட்டைவிட்டு அனுப்பினார்கள். தண்டனை சட்டத்தின் வேலை. காயத்தை ஆற்றியது ஜெபாலயத்துக்கு அவர் நடந்து போன நடை. அவரை ரப்பி வரவேற்றார் என்பது பழைய வாட்டர்லூ தெருப் பழக்கத்தின் தொடர்ச்சி என்றே எனக்குப் படுகிறது.

உடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆங்கிலேயர் காலத்திலிருந்தே சீக்கியர் தலைப்பாகைக்குப் பள்ளியிலும் படையிலும் இடமுண்டு. தூடோங் என்ற முக்காட்டுக்கு இல்லை. 2002இல் முக்காடு அணிந்து வந்த தொடக்கப் பள்ளிச் சிறுமிகளை வகுப்புக்கு வரக் கூடாது என்று நிறுத்தினார்கள். ஆண்டுக்கணக்கில் பேசிப் பேசி, 2021 நவம்பர் 1 முதல் பொது மருத்துவமனைத் தாதியர் முக்காடு அணியலாம் என்றானது. பள்ளிச் சீருடையில் இன்னும் கூடாது. தலைப்பாகை கட்டிய சிறுவனால் கெடாத ஒற்றுமை முக்காடு போட்ட சிறுமியால் எப்படிக் கெடும் என்பதற்கு ஏற்கத்தக்க பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

இதுவரை சொன்னவர்களில் பெரும்பாலோர் வழிபட இடம் கேட்டவர்கள். காத்திருந்தார்கள், பேசினார்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பெற்றார்கள். மனசாட்சிப்படி ஒன்றைச் செய்ய மாட்டேன் என்று சொல்கிறவர்களின் நிலைமை வேறு.

யெகோவாவின் சாட்சிகள் சிறு கிறிஸ்தவக் கூட்டம். ஆயுதம் தொடுவதும் கொடி வணக்கம் செய்வதும் தங்கள் வேதத்துக்கு விரோதம் என்று நம்புகிறவர்கள். 1967இல் சிங்கப்பூர் ஆண்களுக்குத் தேசிய சேவை என்ற படைப்பணி கட்டாயமானது. 1972 ஜனவரியில் அவர்கள் சபையின் பதிவை அரசு நீக்கியது, பொது நலனுக்கும் நல்லொழுங்குக்கும் கேடு என்பது காரணம். அவர்களுடைய நூல்களும் தடையாயின. தடையை எதிர்த்த வழக்கில், நாட்டின் இறைமையும் ஒற்றுமையுமே மேல், அவற்றுக்கு மாறான நம்பிக்கைக்கு இடமில்லை என்ற நோக்கில் 1994இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொது ஒழுங்கு என்ற அந்தக் கடைசி வரி இதற்குத்தான் பயன்பட்டது. அந்தச் சபை இளைஞன் ஒருவன் பதினெட்டு வயதானதும் படைச் சீருடை அணிய மறுக்கிறான். இராணுவத் தடுப்பு முகாமில் அடைக்கிறார்கள். வெளியே வந்ததும் மறுபடி சீருடையைக் கொடுக்கிறார்கள், மறுபடி மறுக்கிறான். இப்படி மூன்று ஆண்டுகள் வரை போய்விடும். அவன் யாரையும் அடித்ததில்லை, எந்தக் கோயில் வாசலிலும் கலவரம் செய்ததில்லை.

சிறிய நாடு, எல்லாரும் சுமந்தால்தான் பாரம் தாங்கும் என்று சிங்கப்பூர் சொல்வதை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. ஒருவனுக்கு விலக்குக் கொடுத்தால் மற்றவனும் கேட்பான் என்ற பயமும் இயல்புதான். ஆனால் அதே போன்ற பாரத்தை, அதைவிடப் பெரிய ஆபத்தை, தலைமேல் வைத்திருக்கும் நாடுகள் வேறு விடை கண்டிருக்கின்றன. தைவான் 2000இலேயே மாற்றுச் சேவை கொண்டுவந்தது. எல்லையில் வட கொரியாவை வைத்துக்கொண்டிருக்கும் தென் கொரியாவில், மனசாட்சியால் மறுப்பவர்களுக்கு மாற்று வழி தந்தே ஆக வேண்டும் என்று 2018இல் அரசியல் சட்ட நீதிமன்றம் சொன்னது. 2020 முதல் அவர்கள் சிறைச்சாலைகளில் 36 மாதம் பணிவிடை செய்கிறார்கள். படைவீரனைவிட நீண்ட காலம் உழைக்கிறார்கள், அதனால் யாரும் சும்மா தப்பிக்க வருவதில்லை. கொடிக்கும் தேசிய கீதத்துக்கும் இந்தியாவில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. கேரளத்தில் இதே சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளி நீக்கியது. 1986இல் உச்ச நீதிமன்றம், நீதியரசர் சின்னப்ப ரெட்டியின் தீர்ப்பில், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கச் சொன்னது. அதனால் இந்தியக் கொடி தாழ்ந்துவிடவில்லை.

கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் இடம் அளந்து கொடுத்த சிங்கப்பூரால், மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ அந்த இளைஞனுக்கு ஒரு வேலையை அளந்து கொடுக்க முடியும். நாட்டில் முதியோர் பெருகி, பராமரிக்கும் கைகள் போதாத காலம் இது. அடுத்து மறுக்கும் பையனைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பாமல் அங்கே அனுப்புங்கள்.